கரும்புக்கு நடுவே தஞ்சாவூர் அரண்மனை

எங்கள் ஊரில் ஓர் அரண்மனை இருந்தது. கிராண்ட் பே கடற்கரைக்கு மீன் வாங்கப் போகிற வழியில், இரண்டு பக்கமும் கரும்பு நெருக்குகிற ஒரு மண்பாதையில் திரும்பினால் வரும். கூரை கிடையாது. கதவு கிடையாது. சுவர் இடுப்புக்கு மேல் கிடையாது. மற்றபடி ஓர் அரண்மனைக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ராஜா இல்லையே என்கிற குறையை அதைக் கட்டினவர் யாருக்கும் தெரியவிடவில்லை.

மொரிஷியஸில் கரும்பு போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே நிலம் வாங்கினால் பாதி மண், பாதி கருங்கல். பெரிய தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கல்லுப் பக்கம்தான். கல்லைப் பொறுக்கினால்தான் கரும்பு. பொறுக்கின கல்லை எல்லாரும் ஓரத்தில் வேலியாக அடுக்குவார்கள், சோம்பேறிகள் நடுவில் குவித்துவிடுவார்கள். இவர் மட்டும் தம் நிலத்தின் நடுவில், நல்ல கரும்பு வரக்கூடிய இடமாகப் பார்த்து, தஞ்சாவூர் அரண்மனையை அடுக்கினார்.

கிரெயோல் பேசுகிறவர்கள் அதை ‘லகாஸ் லெர்வா’ என்பார்கள், ராஜா வீடு என்று அர்த்தம். நாங்கள் அரமண என்போம். அவரை அரமணக்காரர் என்போம். அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கேயும் அந்தப் பெயர் வேண்டாம்.

குள்ளமான மனிதர். முழங்காலுக்குக் கீழே எப்போதும் செம்மண். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், ஆலையில் வேலை பார்த்து, சேர்த்து, இந்த நிலத்தை வாங்கினவர். வாரம் முழுக்க மற்றவர்களைப் போலத்தான் கரும்பு வெட்டுவார், வண்டி கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அரண்மனை வாசலில் போய் நிற்பார். அன்றைக்கு அவரிடம் மாட்டு விலை கேட்டால் பதில் வராது.

அந்த வாசல் என்பது ஆளுயரத்துக்கு நட்டு வைத்த இரண்டு நீளக் கற்கள். மேலே ஒன்றும் கிடையாது, ஆகாசம்தான். ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லுவார்: “தலையக் குனிஞ்சு வாங்க. ராசா வாசல் தாழ்வு.” குனியாமல் யாரும் உள்ளே போனதில்லை. முதலில் சிரிப்பு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் குனிந்துவிடுவோம். நுழைவுக் கட்டணமும் உண்டு, ஆளுக்கு ஒரு கல். அவரவர் நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ கொண்டுவர வேண்டும், வழியில் பொறுக்கின கல் செல்லாது. கொண்டுவந்த கல்லை அவரவர் கையாலேயே எந்தச் சுவரில் வேண்டுமானாலும் வைக்கலாம். இப்படித்தான் அரண்மனை வளர்ந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் கூடை கூடையாகக் கல்லைக் கொண்டுவந்து, “இந்தா, எங்க வீட்டுல எல்லாருக்கும் சேத்து” என்று கொட்டப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. “ஆளு வரணும். கல்லு மட்டும் வந்தா அது குப்பை,” என்றார்.

நான் பட்டணத்து ஓரம் சாந்த் குருவாவில் பிறந்து வளர்ந்தவள். போர்ட் லூயிஸ் சந்தையும் எங்கள் பக்கத்துப் பெரிய கோயிலும் பார்த்த கண்ணுக்குக் கரும்புக் காடு பிடிக்குமா? கல்யாணமாகி வண்டியில் வருகிறேன். வீட்டுக்குப் போகாமல் வண்டி நடுக்காட்டில் நிற்கிறது. புதுப்பெண் மாப்பிள்ளை அரண்மனைக்குள் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம், அது ஊர் வழக்கமாகிவிட்டதாம். என் அம்மா வீட்டு முற்றத்துக் கல் ஒன்றை எனக்குத் தெரியாமலேயே என் வீட்டுக்காரர் எடுத்துவந்திருந்தார். பட்டுப்புடவையும் கையில் கல்லுமாக நின்றேன். எந்தப் பைத்தியக்கார ஊரில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அழுகை வந்தது.

“வாம்மா. தலையக் குனிஞ்சு வா. ராசா வாசல் தாழ்வு,” என்றார்.

நான் ஏற்கனவே குனிந்துதான் இருந்தேன், கல்யாணப் பெண் அல்லவா. அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். “இது நாயக்க ராசாங்க கட்டுனது. அப்பறம் மராட்டிய ராசாங்க வந்தாங்க. வந்தவங்க இடிக்கல, பக்கத்துல சேத்துக் கட்டுனாங்க. அதான் ராசலட்சணம். அப்பறம் வெள்ளக்காரன் வந்தான். அவன் கட்டவும் இல்ல, இடிக்கவும் இல்ல. பூட்டுப் போட்டான்.” கொஞ்ச தூரம் நடந்ததும், “இது ஏட்டுச் சாலை. ராசா ஒருத்தர் சீமை சீமையா ஆளனுப்பிப் பொஸ்தகம் வாங்கி அடுக்குனாரு. சத்தம் போடாம வாங்க, படிக்கிறாங்க,” என்றார். ஓர் ஓணான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஏழு மாடிக் கட்டடம், அதற்கு ஒரு மாடி கூடக் கிடையாது, அண்ணாந்து பார்க்கச் சொன்னார், பார்த்தோம். அப்புறம் சங்கீத மண்டபம். “இந்த மூலையில மூச்சு விட்டா அந்த மூலையில கேக்கும்,” என்று ரகசியமாகச் சொன்னார்.

“கேக்குது, கேக்குது. மொளகாய மிதிக்காம வாங்க,” என்று அந்த மூலையிலிருந்து பதில் வந்தது. அவர் மனைவி. தர்பார் மண்டபத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்.

அந்த அம்மாளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். “ஊரெல்லாம் கல்ல எடுத்துக் கரும்பு வச்சா எங்க வீட்டுல கரும்ப எடுத்துக் கல்லு வைக்கிறாங்க,” என்று எல்லாரிடமும் குறைப்படுவார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே துடைப்பம் எடுத்துக்கொண்டுபோய் அந்தப்புரத்தைப் பெருக்குகிறவரும் அவர்தான்.

அன்றைக்கு அந்தப்புரத்துச் சுவரில் என் கல்லை வைத்தேன். என் மாமியார் பின்னால் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து என் கல்லின்மேல் வைத்தார். உடைந்த அம்மிக் குழவியின் பாதி.

“மருமவ கல்லு தனியா இருக்கப்படாது,” என்றார். “மாமாகிட்ட சொல்லிடாத.”

மாமா என்பது என் மாமனார். அவர் வெளியே வண்டியில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் அரண்மனைக்குள் கால் வைக்காத ஒரே ஆள் அவர்தான். பக்கத்து நிலம் அவருடையது. இங்கேயே பிறந்தவர், நெடுநெடுவென்று உயரம், கல்லைக் கல் என்றும் கரும்பைக் கரும்பு என்றும் சொல்லுகிறவர். “இல்லாத நெலைப்படிக்கு நான் குனியணுமா? மண்டையில என்ன இடிக்கும், காத்தா?” என்பார். குழவி காணாமல் போனதைப் பற்றி ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார், வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க அது தோதாக இருந்ததாம். “நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்,” என்று மாமியார் சொன்னார். கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு போகிற நாய் எது என்று அந்த மனிதரும் கேட்கவில்லை. பெண்டாட்டி சொன்னால் சரி என்கிற ஜாதி.

அரண்மனைக்கு வந்தவர்களில் ஆலை மானேஜரும் ஒருவர். வெள்ளைக்காரர், குதிரை வண்டியில், தொப்பி வைத்த மனைவியோடு. ஊரே வேலி ஓரம் நின்று பார்த்தது. அரமணக்காரர் துளி அசரவில்லை. “பெஸ் லதெத், மிஸ்யே,” என்றார். தலையைக் குனியுங்கள் ஐயா என்று அர்த்தம். மானேஜர் மேலே பார்த்தார், ஆகாசத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “கோத் லாபோர்த்?” என்றார். கதவு எங்கே என்று கேட்டார். இவர் அந்த இரண்டு கற்களுக்கு நடுவே கையைக் காட்டினார். மானேஜர் மனைவிதான் சிரித்துக்கொண்டே முதலில் குனிந்தது. மானேஜர் தம் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் குனிந்தார். கல் கொண்டுவராததால் அடுத்த ஞாயிறு தோட்டத்து பங்களாவிலிருந்து ஒரு கல்லோடு மறுபடி வரவேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்கள், மீன்காரர்கள், சீனாக் கடைக்காரர், யார் வந்தாலும் ஒரே வரவேற்பு. ஒருநாள் ஒரு மாடு நுழைந்துவிட்டது. நாங்கள் விரட்டப் போனோம். “விடுங்க, அதுவே தலையக் குனிஞ்சுதான் வந்துச்சு,” என்றார். இந்த ஆள் யாரையும் வாசலில் நிறுத்த மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவருடைய கதைகளில் ஓட்டை இல்லாமலில்லை. கரும்பு நல்ல எடை கண்ட வருஷம் லாயத்தில் யானைகள் அதிகம், புயலடித்த வருஷம் குறைந்துவிடும். தஞ்சாவூர் அந்தப்புரம் ஒருமுறை கிழக்கே இருந்தது, அடுத்த முறை தெற்கே. கேட்டால், “ராசா வீடு, மாத்திக் கட்டமாட்டாங்களா?” என்பார். நீங்கள் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டால் மட்டும், “வெயிலு ஏறுது, அடுத்த மண்டபம் பாப்போம்” என்று நடந்துவிடுவார்.

என் மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து ஊரில் அம்மனுக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தோம். அதுவரை தகரக் கொட்டகையில்தான் அம்மன் இருந்தாள். மதில் எழுப்பக் கல் வேண்டும். பாதாம் மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். என் மாமனார் எழுந்தார்.

“கல்லுக்கு எங்க போகணும்? அரமணயில அடுக்கி வச்சிருக்கு. எல்லாம் நம்ம கல்லு, நாம தூக்கிட்டுப்போய் வச்சது. அம்மன் தகரத்துக்குக் கீழ இருக்கா, இல்லாத ராசாவுக்கு மண்டபமா?”

நியாயம்தான். அரமணக்காரர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர், “இருந்தாலும் தஞ்சாவூர் அரமண மாதிரியே கட்டியிருக்காரே” என்று இழுத்தார். மாமனார் உடனே பிடித்துக்கொண்டார்.

“சரி. கும்பாபிசேகத்துக்குத் தஞ்சாவூர்லேந்து குருக்கள் வர்றாரு. அவரு பாக்கட்டும். அதே மாதிரி இருக்குன்னா நான் வாயத் தொறக்கல. பொய்யின்னா கல்லு கோயிலுக்கு. என்ன தம்பி, சரிதான?”

“சரிண்ணே,” என்றார் அரமணக்காரர். வேறென்ன சொல்ல முடியும்?

அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “விடியறதுக்குள்ள எழுந்துபோயி யானை லாயத்த இந்தப் பக்கம் நகத்துறாரு, மறுநா அந்தப் பக்கம் நகத்துறாரு,” என்று அத்தை என்னிடம் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தெரிந்தவர் எதற்கு நகர்த்த வேண்டும்?

குருக்கள் வந்தார். இளம்வயதுக்காரர், ஒல்லி, கப்பல் மயக்கம் இன்னும் தீராதவர். ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டுவிட்டது. வாசலில் நின்று, “தலையக் குனிஞ்சு வாங்க சாமி. ராசா வாசல் தாழ்வு,” என்றார் அரமணக்காரர். குருக்கள் குனிந்தார். நாங்களும் ஒவ்வொருவராகக் குனிந்து போனோம். மாமனார் மட்டும் சுவருக்கு வெளியிலேயே, கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

நாயக்கர், மராட்டியர், ஏட்டுச் சாலை, ஏழு மாடி, சங்கீத மண்டபம் எல்லாம் ஆயிற்று. குருக்கள் ஒவ்வோர் இடத்திலும் “ஓஹோ” என்றார். அந்த ஓஹோவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் வெளியிலிருந்து மாமனார் கேட்டேவிட்டார்.

“சொல்லுங்க சாமி. இப்படித்தான் இருக்கா அங்க?”

குருக்கள் சங்கடமாகச் சிரித்தார். “எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே போனதே இல்லையே. பொறந்து வளர்ந்தது கீழவாசல். தினம் அரண்மனை ஓரமாத்தான் நடப்பேன். மணிக்கூண்டு வெளியிலேர்ந்து தெரியும். உள்ளூர்க்காரா யார் அதுக்குள்ளே போறா?”

கூட்டம் சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. பொய் என்று சொல்ல ஆளில்லை, அரண்மனை பிழைத்தது. மாமனார் உதட்டைக் கடித்துக்கொண்டார். குருக்கள் அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல மனசு, ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டார்.

“நீங்க கொடுத்துவச்சவர். எல்லாத்தையும் கண்ணால பாத்திருக்கேளே.”

அரமணக்காரர் தர்பார் மண்டபத்து நடுவில், மிளகாய்க்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நானும் பாக்கல சாமி,” என்றார். “வாசல் வரைக்கும்தான். எங்கப்பாகூட அரமண யானைக்கு வைக்கோலு கொண்டுபோனேன். காவக்காரன் வைக்கோல வாங்கிக்கிட்டான். எட்டிப் பாத்தேன், ஈட்டிய குறுக்க வச்சான். வைக்கோலு உள்ள போச்சு, நாங்க போகல. கப்பல்ல ஒரு பெரியவரு வந்தாரு, அரமணயில தீவட்டி புடிச்சவரு. அலை அடிக்க அடிக்கச் சொல்லிக்கிட்டே வந்தாரு. போர்ட் லூயிஸ் வர்றதுக்குள்ள நான் எல்லா மண்டபமும் பாத்துட்டேன்.”

அத்தை மிளகாயைக் கையால் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வாய்மூடி இருந்திருந்தால் ஜெயித்திருப்பார், அசட்டு மனிதர்.

“அப்ப பேச்சு முடிஞ்சுது,” என்றார் மாமனார், மெதுவாகத்தான் சொன்னார்.

“முடிஞ்சுதுண்ணே. எடுத்துக்குங்க, அம்மனுக்குத்தான. ஒண்ணே ஒண்ணு. அவங்கவங்க வச்ச கல்ல அவங்கவங்கதான் எடுக்கணும். அடுத்தவங்க கல்லத் தொடக்கூடாது.”

இதில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு மாட்டு வண்டிகள், கடப்பாரைகள், கூடைகள் எல்லாம் வந்தன. அப்புறம்தான் வேடிக்கை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேரப்பிள்ளை பெயர் மறந்தாலும் மறக்கும், தன் கல் எது என்று மறக்காது. வண்டிக்காரர் ஒருவர் ஏழு மாடிக் கட்டடத்தின் அடியில் இருந்த தம் கல்லைப் பிடித்து இழுத்தார். “ஏய், மேல என்னுது இருக்கு” என்றார் மீன்காரர். சரி, நீ முதலில் எடு என்றார் வண்டிக்காரர். மீன்காரர் கல்லுக்கு மேலே கிடந்தது அவர் தம்பியுடையது, தம்பி போர்ட் லூயிஸில் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். ஏட்டுச் சாலைச் சுவரில் மேல்வரிசை முழுக்கப் புயல் வருஷத்துக் காய்ச்சலில் போனவர்கள் வைத்தது. அவர்களை எங்கே போய்க் கூப்பிடுவது? ஆலை மானேஜரின் கல்லைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை, அதற்கு அடியில் நாலு குடும்பத்துக் கல் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் தம் கல்லை எடுத்தேவிட்டார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். “இது எம்பொண்ணு பொறந்தன்னைக்கு வச்சது” என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

“இப்படிப் பாத்தா மதில் எழும்பாது,” என்று மாமனார் வெளியிலிருந்து கத்தினார். “யம்மா, நீ எடு உன் கல்ல. நம்ம வீட்டுலேந்து ஆரம்பிப்போம்.”

என்னைத்தான் சொன்னார். நான் அந்தப்புரத்துச் சுவருக்குப் போனேன். என் கல் இருந்தது, அதன்மேல் குழவி. உருண்டைக் குழவிமேல் வேறெந்தக் கல்லும் நிற்காது, அதனால் இத்தனை வருஷமும் அதுவே உச்சியில் இருந்தது. நான் எடுக்காமல் நின்றேன்.

“என்னம்மா?” என்று சுவர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். அந்தக் குழவியை அவர்தான் கல்யாணமான புதிதில் கொத்திக் கொடுத்தாராம், மாமியார் சொல்லியிருக்கிறார். அரைத்து அரைத்து ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“இது…” என்றார்.

“நாய் தூக்கிட்டு வந்துச்சு மாமா,” என்றேன்.

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அது பாதியில் வேறாகிவிட்டது. அந்த நெட்டை மனிதர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, மாமியார் செத்தன்றுகூட. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரர்களைப் பார்த்து, “ஆத்துல கல்லு கெடக்கு, மாட்ட திருப்புங்க,” என்றார். எல்லா வண்டியும் திரும்பின. அம்மன் மதில் ஆற்றுக் கல்லிலேயே எழும்பியது, இன்றைக்கும் வழவழவென்று இருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு காலையில் மாமனார் குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டினார். கொல்லைப்பக்கம் போய், மாமியார் துணி துவைத்த இடத்திலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். வாம்மா என்று மட்டும் சொன்னார். நான் பின்னாலேயே போனேன்.

அரமணக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். போன வாரத்துக்கு இந்த வாரம் அவருக்கு வயது ஏறினமாதிரி இருந்தது. இனிமேல் பழைய வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லைபோல. எங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். மாமனார் கல்லோடு அந்த இரண்டு கற்களுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, சொல்ல மாட்டியா?” என்றார்.

“தலையக் குனிஞ்சு வாங்கண்ணே,” என்றார் அரமணக்காரர். “ராசா வாசல் தாழ்வு.”

மாமனார் அண்ணாந்து ஒருதரம் பார்த்தார். பிறகு அத்தனை உயரத்தையும் மடக்கிக் குனிந்து, எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் பத்திரமாக உள்ளே போனார்.